அவருக்குப் பாதம் வராது

கஸ்தூரியார் வீதியில்
றெஜினோல்ட் அண்ணையின் கடைக்குப் பின்புறம்
கதை இல்லாத அட்டைகள், ஒரு பெட்டி நிறைய.
உள்ளே இருந்த தாளெல்லாம் கச்சான் சுத்தப் போயிட்டுது,
அட்டை வழுக்கும், சுருளாது,
அதாலை மிஞ்சினது என்றார்.
கிலோவுக்கு விலை சொன்னார்.

மேலே கிடந்ததில் மழை.
பச்சை முகத்தோடு ஒரு பெண்,
கைத்துப்பாக்கி, அதன் நுனியில் நூலாய்ப் புகை.
அச்சில் சிவப்பு ஒரு மயிரிழை நகர்ந்ததில்
உதட்டுக்குப் பக்கத்தில் இன்னோர் உதடு.
பின்னால் நீலத்தில் ஒரு பங்களா,
ஒற்றை யன்னலில் மட்டும்
அடுப்புக்குள் எட்டிப் பார்த்தது போல் மஞ்சள்.
தலைப்பை எலி தின்றிருந்தது.
இரண்டு ரூபா ஐம்பதை விட்டுவைத்திருந்தது,
கணக்குத் தெரிந்த எலி.

அறைத்தரையில் பரப்பினேன், நாற்பத்தொன்று.
பதினேழில் ஒரே கையொப்பம்:
மிதிபட்ட எறும்பு போல ஒரு ழ.
யாரென்று தெரியாது.
நிழலுக்குக் கறுப்பு வைக்கமாட்டார்,
கடுநீலத்துக்குள் கத்தரிப்பூ நிறத்தைக் குழைப்பார்.
கண்ணுக்கு இரண்டு வெள்ளைப் பொட்டு.
ஒன்று மேசைவிளக்கு.
மற்றது என்னவென்று பிடிபட ஒரு கிழமை எடுத்தது:
அவளுக்கு முன்னால் ஒரு கதவு திறந்திருக்கிறது.
அதில் யாரோ நிற்கிறார்கள்,
நான் நிற்கிற இடத்தில்.

மூன்றாம் கிழமைதான் கண்டேன்.
பதினேழு பேருக்கும் பாதம் இல்லை.

ஒருத்தி முழங்காலளவு மூடுபனியில்.
ஒருவன் மேசைக்குப் பின்னால்.
காருக்குள். போர்வைக்குள். வள்ளத்துக்குள்.
கரும்புத்தோட்டத்தில் இரட்டையர் இருவர்.
நிலம் கூட்டும் நீளத்துக்குச் சேலைக்கரை.
பிணத்துக்கும்கூட
சப்பாத்து இருக்கவேண்டிய இடத்தில்
எழுதினவரின் பெயர், கொட்டை எழுத்தில்.

அவருக்குப் பாதம் வராது.
குதிக்காலின் வளைவில் தூரிகை தடுமாறியிருக்கும்.
மாதமுடிவு, அச்சகத்துப் பெடியன் வாசலில்,
கொஞ்சம் பனி பூசிக் கொடுத்திருப்பார்.

இது என் கண்ணில் படவேண்டியதுதான்.
நான் வேலை செய்வது செயற்கைக்கால் கூடத்தில்.
எட்டு மணிக்குத் தொடங்கினால்
றப்பர், பிசின், அரம், வார்.
பாதம் லேசில்லை.
பெருவிரல் ஒரு நூல் உயர்ந்தாலும்
ஆள் வாசற்படியில் தடக்கும்.

பதினேழையும் பட்டறைச் சுவரில் ஒட்டினேன்.
பொறுப்பாளர் வந்து பார்த்தார்.
"இதென்ன சலூனோ?"
கழட்டச் சொல்லவில்லை.

பாசையூரில் மீன் விற்கும் மற்றில்டா
அளவு கொடுக்க வந்தவள்,
சுவரை இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல்வரை பார்த்தாள்.
பனியில் நிற்பவளைக் காட்டினாள்.
"இவவுக்கும் ஒண்டு அளவெடுங்கோ.
உயர்ந்த குதி கேப்பா, குடாதையுங்கோ.
துவக்கோடை ஓடுற மனிசி."
சிரித்து முடிப்பதற்குள்
நான் கரைத்து வைத்த சாந்து
வாளியிலேயே இறுகிப்போனது.

போன வெள்ளி இன்னொன்று அகப்பட்டது,
பெட்டியின் அடித்தாளாய்க் கிடந்தது.
அதே ழ.
கிணற்றுக்கட்டில் ஒரு பெண் இருக்கிறாள்,
நீர் சொட்டும் இரண்டு வெறுங்கால்
படத்தின் நட்டநடுவில்.
வெளிச்சம் முழுக்க அங்கேதான்.
முகம் மங்கல்.
கொலைகாரன் ஓரத்தில் ஒரு கத்தரிப்பூ நிழல்.
இடது பாதத்தில் விரல் ஆறு.

எண்ணினேன். திரும்ப எண்ணினேன்.
ஒருவேளை நன்றாக வருகிறதே என்று
ஆளுக்கு நிறுத்த மனம் வரவில்லையோ.

மற்றில்டா சமாந்தரக் கம்பிகளுக்கிடையில்
புதுக்காலோடு நடந்து பழகிக்கொண்டிருந்தாள்.
படத்தை நீட்டினேன்.
ஒரு கையால் கம்பி, ஒரு கையால் அட்டை.
விரல் ஆறு என்றேன்.

"விரலை விடுங்கோ.
குதியைப் பாருங்கோ,
நல்லா வைச்சிருக்கிறான் மனிசன்."

அட்டையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு
கம்பி முடிகிற இடத்துக்கு அப்பால்
சுவர்வரை போய்த் திரும்பினாள்.
அதை இன்னும் திருப்பித் தரவில்லை.